அடங்காத டயர்

உலகத்தில் பிடிவாதத்துக்குப் பெயர் போனவர்கள் பலர் உண்டு. முகூர்த்த நேரத்தில் கோபித்துக்கொண்டு ரயிலடிக்குக் கிளம்பும் சம்பந்தியைச் சொல்வார்கள். நடுச்சாலையில் படுத்துக்கொண்டு அசைபோடும் எருமையைச் சொல்வார்கள். இருவரோடும் எனக்குப் பழக்கம் உண்டு. ஆயினும், புதிய சைக்கிள் டயர் ஒன்றைச் சக்கரத்தில் ஏற்ற முயன்று பார்த்த பிறகு, சம்பந்தியும் எருமையும் பரம சாதுக்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இந்த ஞானம் எனக்கு ஏற்காட்டில் உண்டாயிற்று. சேலத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த மனிதன், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள அந்த ஊரில் போய் இறங்கினால், மூளை சற்றுக் குளிர்ந்து வேலை செய்யத் தொடங்கும் என்பது சேலத்துக்காரர்களின் நம்பிக்கை. என் விஷயத்தில் அது ஒரு நாள் தாமதமாகத்தான் வேலை செய்தது.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை, சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பியைத் தொடர்ந்து துரைமார்கள் வந்தார்கள், பங்களாக்கள் வந்தன, நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவிக்கொண்டு மிளகுக் கொடிகளும் வந்தன. ஆனால் சமநிலம் மட்டும் வரவில்லை. ஏரிக்கரையை விட்டு எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒன்று ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். காரில் வந்து போகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒவ்வொரு கெஜமும் தெரியும்.

என் தங்கையின் புருஷர் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். அவர்களுடைய பெண், சில மைல் தூரத்திலுள்ள மலைக்கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியை. அந்த மலையின் பூர்வ குடிகளான மலையாளிகளின் குழந்தைகளுக்கு அவள் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். (இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர், மலையில் வாழ்வதால் அந்தப் பெயர் பெற்றவர்கள்.) வீட்டில் அவளுக்கு 'டீச்சரம்மாள்' என்று பெயர். டீச்சரம்மாள் பள்ளிக்கூடம் போவதும் வருவதும் என் தகப்பனாருடைய பழைய சைக்கிளில்தான்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். என் தகப்பனார் கதர் கட்டியவர். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்தவர். கப்பலில் வந்து இறங்கும் சைக்கிளை வாங்கமாட்டேன் என்று பல வருஷ காலம் நடந்தே பள்ளிக்கூடம் போனார். 1949-ஆம் வருஷத்தில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து, சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை ஏற்படுத்தினார்கள். "கூட்டு யாரோடு இருந்தாலும் செய்கிற கை நம்முடைய கை" என்று சொல்லி, 1956-ல் என் தகப்பனார் முதன் முதலாக ஒரு சைக்கிள் வாங்கினார். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், தோல் ஆசனம். அவர் காலமான பிறகு அது என் தங்கை வீட்டுக்கு வந்தது. தாத்தாவின் சைக்கிளைத் தவிர வேறு வண்டி வேண்டாம் என்று பேத்தி சொல்லிவிட்டாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் ஏற்காட்டில் இருந்தேன். முன் சக்கரத்து டயர் வெடிப்பு விட்டு, உள்ளே நூல் தெரிந்தது. கடைவீதியிலுள்ள பெரியவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு வருவதாக டீச்சரம்மாள் புறப்பட்டாள்.

"இதற்குக் கூடவா கடைக்குப் போகவேண்டும்? நான் மாற்றித் தருகிறேன்" என்று சொன்னேன்.

இந்த வாக்கியத்தை எந்தப் பிசாசு என் வாயில் புகுந்து சொல்லிற்று என்பது இன்று வரையில் விளங்கவில்லை.

புது டயரை முதலில் பரிசோதித்தேன். இதிலாவது நான் சரியாக நடந்துகொண்டேன் என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும். டயரில் அங்குலக் கணக்கை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம். 28 அங்குலம் என்று போட்டு விற்கும் டயர்களில், விளிம்புக் கம்பியின் குறுக்களவு 635 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு; 622 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. 622 மில்லிமீட்டர் டயரை 635 மில்லிமீட்டர் ரிம்மில் பீமசேனன் வந்தாலும் ஏற்ற முடியாது. 26 அங்குலத்திலோ 559, 584, 590 என்று ஒரு பெரிய கூட்டுக் குடும்பமே இருக்கிறது. ஆகவே டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் '40-635' என்பது போலப் போட்டிருக்கும் எண்ணைத்தான் நம்பவேண்டும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் கம்பியின் குறுக்களவு. என் கையிலிருந்த டயரில் 40-635 என்றே இருந்தது. எனவே, பின்னால் நேர்ந்த எந்த விபரீதத்துக்கும் டயரின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

பழைய டயரைக் கழற்றியதும், ரிம்மின் நடுப்பள்ளத்தில் துருவும், போக்ஸ் கம்பிகளின் தலைகளும் தெரிந்தன. இவை டியூபைக் குத்திவிடுமே என்று எனக்குக் கவலை உண்டாயிற்று. பழைய வேஷ்டி ஒன்றைக் கிழித்து, ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாகப் பள்ளம் நிரம்ப இறுக்கிச் சுற்றினேன். என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். இந்த வேஷ்டியைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் ஒரு விளிம்பு சிறிது முனகிக்கொண்டு ஏறிவிட்டது. டியூபை உள்ளே வைத்தேன். இரண்டாவது விளிம்பை, காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, இரு கைகளாலும் தள்ளிக்கொண்டே போனேன். பாதி ஏறிற்று, முக்கால் ஏறிற்று. எதிர்ப்புறத்தில் ஒரு சாண் நீளம் பாக்கி இருந்தது. அந்த ஒரு சாணில்தான் டயர் தன் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கிற்று.

அந்த இடத்தில் விளிம்பு வீணைத் தந்தியைப் போல் விறைத்து நின்றது. கட்டை விரல்களால் அமுக்கினேன். முழங்காலை வைத்து அமுக்கினேன். இந்தப் பக்கத்தில் ஒரு விரற்கடை ஏறினால், அந்தப் பக்கத்தில் ஒரு விரற்கடை கழன்று கொண்டது. ஜூன் மாதத்து மலைச் சாரலிலும் எனக்கு வியர்த்துக் கொட்டிற்று.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மாள், "மாமா, எதிர்ப் பக்கத்தில் வால்வு இருக்கிற இடத்தைச் சற்று அமுக்கி விட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"இறுக்கம் இங்கே இருக்கிறது, அங்கே போய் அமுக்கி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

"நான் சற்றுப் பிடித்துப் பார்க்கட்டுமா?"

"நீ போய் நாளைப் பாடத்தைத் தயார் செய், அம்மா. இதெல்லாம் பெண் குழந்தைகள் செய்கிற வேலை அல்ல."

நேயர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். கோபிக்க வேண்டியதுதான். 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக் கணக்கில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, என் சிநேகிதர்களிடமெல்லாம் பெருமையாகப் பேசியவன் நான். புதுக்கோட்டைப் பெண்கள் விஷயத்தில் எனக்கு இருந்த விசாலமான மனசு, சொந்தத் தங்கை மகள் டயரைத் தொட வந்தபோது எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

பிறகு ஒரு திருப்புளியைத் தேடி எடுத்தேன். ரிம்முக்கும் டயருக்கும் இடையே அதைச் செருகி நெம்பினேன். விளிம்பு ஓர் அங்குலம் ஏறிற்று. கூடவே பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம் கேட்டது. டியூபில் ஓட்டை. அவிழ்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிப் பஞ்சர் ஒட்டி, மறுபடியும் மாட்டி, மறுபடியும் நெம்பினேன். இந்த முறை திருப்புளி, டயர், நான் ஆகிய மூவரில் டயர் தோற்றது. 'டப்' என்ற ஓசையுடன் விளிம்பு உள்ளே போய் விழுந்தது. காற்றடித்தேன். சக்கரம் கும்மென்று நின்றது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காற்றடித்து முடித்ததும், டயருக்கும் ரிம்முக்கும் நடுவில், கடுகளவு அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் எட்டிப் பார்த்ததை நான் கண்டேன். டியூபின் ஒரு மடிப்பு விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்படி மாட்டியிருந்தால் மறுபடியும் அவிழ்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் இரண்டு மணி நேரம் போராடியவனுக்கு மூன்றாம் முறை அவிழ்க்க மனம் வருமா? திருப்புளியின் நுனியால் அந்த ரப்பரை உள்ளே தள்ளினேன். அது மறைந்தது போலிருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. "வேலை முடிந்தது!" என்று முழங்கிவிட்டுக் காப்பி கேட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று திண்ணைப் பக்கத்திலிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் எழுந்தது. என் தங்கை கரண்டியைக் கீழே போட்டாள். அந்த மலையில் காட்டெருமைகள் இரவில் உலாவுவது உண்டு. "யாரோ காட்டெருமையைச் சுடுகிறார்கள்!" என்று மாப்பிள்ளை விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கே சுடப்பட்டுக் கிடந்தது காட்டெருமை அல்ல, என் கைவேலை. டயரின் ஒரு பக்கம் ரிம்மை விட்டு வெளியே புரண்டிருந்தது. டியூப் ஒரு சாண் நீளம் கிழிந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை சிரித்தார். என் தங்கை சிரித்தாள். டீச்சரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல வேளை, மாமா. வீட்டிலேயே வெடித்ததே" என்றாள்.

இந்த ஐந்து சொற்கள் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அவள் பள்ளிக்கூடம் போகும் வழியை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டுச் சிறிது தூரத்திலேயே நீண்ட இறக்கம் ஒன்று ஆரம்பமாகிறது. ஒரு பக்கம் காப்பித் தோட்டத்துக் கல் சுவர். மறு பக்கம் பள்ளம். கீழே ஒரு திருப்பம். பின் சக்கரம் வெடித்தால் சைக்கிள் தள்ளாடும், சமாளிக்கலாம். இறக்கத்தில் முன் சக்கரம் வெடித்தால், திருப்பும் சக்தியே போய்விடும். போதாததற்கு இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போவதால் ரிம் சூடேறும். சூட்டில் உள்ளே காற்றின் அழுத்தமும் கூடும். விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட டியூப், வெடிப்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பத்தை எதிர்பார்க்காது. கடுகளவு ரப்பர் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன், பார்த்தும் மறைத்தேன். நினைக்க நினைக்க, கம்பளிக்குள் எனக்கு உடம்பு நடுங்கிற்று.

பொழுது விடிந்ததும் சக்கரத்தையும், டயரையும், புது டியூப் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, டீச்சரம்மாளும் நானும் கடைவீதிக்குப் போனோம். மூடுபனியில் பெரியவர் கடையைத் திறந்து, பழைய டயர்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என் கட்டை விரல்களைப் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது.

சக்கரத்தை வாங்கி, ரிம்முக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "இந்தத் துணியை யாருங்க சுத்தினது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"எத்தனை சுத்து?"

"மூன்று."

"பள்ளத்தை மூடிட்டீங்களே, சாமி! பள்ளம் இருக்கிறதே டயர் ஏறுறதுக்குத்தானுங்க."

வேஷ்டியை உருவி எறிந்தார். துருவைச் சுரண்டித் துடைத்தார். மெல்லிய பட்டை ஒன்றை ஒரே சுற்றாகச் சுற்றினார். வால்வுத் துவாரத்துக்கு நேராக அதில் ஒரு கண் விட்டார். டியூபில் இரண்டு முறை மட்டும் காற்றடித்து, அது தட்டையாக மடியாமல் உருண்டையாக நிற்கும்படி செய்தார். முதல் விளிம்பை ஏற்றி, டியூபை உள்ளே வைத்து, வால்வைத் துவாரத்தில் நுழைத்தார். இரண்டாவது விளிம்பை நான் முடித்த இடத்தில் அவர் ஆரம்பித்தார். அதாவது, வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில். இரு கைகளையும் இரு பக்கமாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சாணுக்கும் டயரின் இரண்டு கன்னங்களையும் சேர்த்துக் கிள்ளி, விளிம்பை நடுப்பள்ளத்தில் விழச் செய்தார். கடைசியில் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் பாக்கி நின்றது. நேற்று என்னைப் பாடாய்ப் படுத்திய அதே ஒரு சாண்.

பெரியவர் அதைத் தொடவேயில்லை. சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, எதிர்ப்புறத்து டயரை மறுபடியும் ஒரு முறை இரு கைகளாலும் கிள்ளிக் கிள்ளிப் பள்ளத்தில் இறக்கி, தளர்ந்த தளர்ச்சியை எல்லாம் வால்வுப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தள்ளுத் தள்ளினார். விளிம்பு சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. வால்வை ஒரு முறை உள்ளே அமுக்கி வெளியே இழுத்தார். அங்கே டியூப் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு கருவியும் அவர் கையில் இல்லை.

"இறுக்கம் இங்கேதான் தெரியும், ஆனா, இடம் அந்தப் பக்கத்திலே இருக்குதுங்க" என்றார்.

நான் டீச்சரம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

சேலத்துக்குத் திரும்பிய பிறகு, இந்தப் பள்ளத்தின் கதை என்ன என்று தேடிப் படித்தேன். காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் உரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், வருஷம் 1845. உலகம் அதை மறந்துவிட்டது. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார். ஆனால் அவருடைய டயரைத் துணி சுற்றிப் பசை போட்டுச் சக்கரத்தோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். பஞ்சர் ஆனால் அதோகதிதான். அப்படி ஓர் டயர் பிரான்ஸ் தேசத்தில் மிஷலின் சகோதரர்களின் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது, பிரித்து ஒட்ட மூன்று மணி நேரமும், பசை காய ஓர் இரவும் ஆயிற்றாம். அதன் பலனாக அவர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோ மீட்டர் பந்தயத்தில், அந்த டயரைப் பூட்டிய சைக்கிளில் டெராங் என்பவர் ஜயித்தார்.

ஆனால் நம் பெரியவரின் கையிலிருந்த வித்தைக்கு மூல புருஷர் வேறொருவர். 1890-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர், டயரின் இரு ஓரங்களிலும் நீளாத எஃகுக் கம்பியை வைத்து, ரிம்மின் நடுவில் ஒரு பள்ளத்தையும் வைத்தார். கம்பி நீளாதாகையால், காற்றடித்த பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று போகாது. அதே கம்பி நீளாதாகையால், ரிம்மின் உயர்ந்த விளிம்பைத் தாண்டி உள்ளே போகவும் போகாது. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரந்தான் அந்தப் பள்ளம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், பாதிச் சக்கரத்துக்குக் கம்பி அதில் இறங்கினால் 9 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே கம்பி மிச்சமாகும். அந்த மிச்சம் முழுவதும் எதிர்ப்புறத்தில் தளர்ச்சியாக வந்து சேரும். பிடிவாதக்கார டயரைப் பணிய வைக்க அந்த 9 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் தடித்திருப்பதால் அங்கே மட்டும் கம்பி பள்ளத்தில் இறங்காது. ஆகையால்தான் வால்வை முதலில் அல்ல, கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். நானோ வால்வில் ஆரம்பித்தேன். பள்ளத்தை வேஷ்டியால் அடைத்தேன். கம்பியை நீளச் சொல்லித் திருப்புளியால் அடித்தேன். டயர் செய்தது பிடிவாதம் அல்ல. அதற்கு நான் வழிவிடவில்லை.

இவ்வளவு செய்தும் ஏறாத புது டயரானால், சற்று வெயிலில் வைத்து இளகச் செய்யலாம். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவலாம். நெம்பிதான் தீரவேண்டும் என்றால், கூர்மையில்லாத லீவரை உபயோகித்து, டியூபைக் கடிக்காமல் சிறிது சிறிதாக நெம்பலாம். திருப்புளி மட்டும் கூடவே கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது கடைசிப் பரிசோதனை. கொஞ்சமாகக் காற்றடித்துவிட்டு, சக்கரத்தை இரு பக்கமும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு, ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எங்கேயாவது ரப்பர் எட்டிப் பார்த்தால் காற்றை இறக்குங்கள். இரண்டு மணி நேரம் போராடியிருந்தாலும் இறக்குங்கள். யாருக்கும் தெரியாது என்று தோன்றினால் கட்டாயம் இறக்குங்கள்.

கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வரும்போது, சக்கரத்தை உருட்டிக்கொண்டு டீச்சரம்மாள் முன்னே நடந்தாள். எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது. இதே சக்கரத்துக்கு அவர் டயர் மாற்றுவதை நான் சிறுவனாயிருந்தபோது பல முறை பார்த்திருக்கிறேன். வெறும் கையால்தான் ஏற்றுவார். பக்கத்தில் போனால், "நீ போய்ப் படி" என்பார். நானும் சந்தோஷமாகப் போய்ப் படித்தேன். கையில் கறை படாத உத்தியோகத்துக்குப் போனேன். கறை படாத கைக்கு மரியாதை அதிகம் என்று நம்பிக்கொண்டே முப்பது வருஷம் காலம் தள்ளினேன். நேற்று சாயங்காலம், "நீ போய்ப் பாடத்தைத் தயார் செய்" என்று நான் சொன்னேனே, அது அந்தப் பழைய வாக்கியந்தான்.

"அம்மா, உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்றேன். "நேற்றுக் காற்றடித்த பிறகு, ஓரிடத்தில் டியூப் வெளியே தெரிந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறைத்தேன்."

அவள் நின்றாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எனக்குத் தெரியும், மாமா. நானும் பார்த்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்த்தாயா? பின் ஏன் சொல்லவில்லை?"

"இரண்டு மணி நேரம் கஷ்டப்பட்டீர்கள். எல்லோருக்கும் முன்னால் சொன்னால் உங்களுக்கு மனவருத்தமாக இருக்குமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் சீக்கிரமாக எழுந்து நானே அவிழ்த்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்." பிறகு மெதுவாக, "நேரமாகிவிட்டால் அப்படியே ஏறிப் போயிருப்பேனோ என்னவோ, அதுதான் தெரியவில்லை" என்றாள்.

நம்முடைய வீடுகளில் பெரியவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளும்படி குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். நல்ல காரியந்தான். ஆனால் அந்த மரியாதைக்காக ஒரு பெண், வெடிக்கப் போகிற சக்கரத்தின் மேல் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்காரும்படி ஆகிவிட்டால், அந்த மரியாதையை வாங்கிக்கொண்டவனுடைய யோக்கியதை என்ன? என் கௌரவம் ஒரு பக்கம் இறுகிக்கொண்டிருந்தது; அதற்காக அந்தக் குழந்தை எதிர்ப் பக்கத்தில் விட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அது தெரியவே இல்லை.

"இனிமேல் நான் தப்புச் செய்தால் ஊரைக் கூட்டிச் சொல்லு, அம்மா" என்றேன்.

"ஊரைக் கூட்டவேண்டாம், மாமா. டயர் வெடிக்கிற சத்தத்துக்கே ஊர் கூடிவிடுகிறது" என்றாள். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

எட்டரை மணிக்கு அவள் சைக்கிளில் ஏறினாள். மூடுபனி விலகி, காப்பிச் செடிகளின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இறக்கத்தின் கோடியில் திருப்பத்தைக் கடந்து அவள் மறையும் வரையில் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சேலத்துக்குத் திரும்பியிருக்க வேண்டியவன் திரும்பவில்லை. மாலையில், இறக்கமாகப் போன வழி ஏற்றமாகிவிட்டபடியால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க அவள் வந்து சேர்ந்தபோது, முதலில் நான் முன் சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

அடுத்த மாதம் பின் சக்கரத்துக்கும் டயர் மாற்ற வேண்டி வந்தது. நான் மறுபடியும் மலை ஏறினேன். இந்தத் தடவை டீச்சரம்மாள் டயர் ஏற்றினாள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் என் பொறுப்பில் இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. "மாமா, எதிர்ப் பக்கத்தை நன்றாக அமுக்குங்கள்" என்று அவள் சொன்னபோதெல்லாம் மறு பேச்சுப் பேசாமல் அமுக்கினேன்.

இந்தக் கட்டுரைக்குச் சித்திரம் போடும் நண்பருக்கு ஒரு விண்ணப்பம்: திருப்புளியோடு போராடும் மனிதனைப் போடவேண்டாம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி கேட்கும் மனிதனைப் போட்டால் போதும்.